பல் வைத்தியரிடம் போன ஆறு பேர்

என் அப்பாவுக்கும் என் கணவருக்கும் இடையில் எங்கள் கலியாணத்திலிருந்து ஒரு சண்டையும் வந்ததில்லை. ஒருவர் பேசும் தமிழில் பாதிதான் மற்றவருக்கு விளங்கும் என்பது அதற்கு முக்கியக் காரணம். அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்தவர். நோர்வேயின் வட கோடியில் மீன் தொழிற்சாலையில் தொடங்கி, ஒஸ்லோவில் ஓர் ஆஸ்பத்திரிச் சமையலறையில் ஓய்வு பெற்றவர். கணவர் திருச்சிக்காரர். துரொண்ட்ஹெய்முக்கு மேற்படிப்புக்கு வந்து, பிறகு ஒஸ்லோவில் மென்பொருள் வேலையில் அமர்ந்தவர். அப்பா ஏதாவது சொன்னால் இவர் "கரெக்ட் மாமா" என்பார். இவர் ஏதாவது சொன்னால் அப்பா "ஓம் தம்பி, ஓம்" என்பார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் மெத்தப் படித்தவர் என்று மதித்து வந்தார்கள். அந்த மதிப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டோடு போய்விட்டது.

நான் ஒரு நுழைவுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். வயது முப்பது தாண்டியிருந்தது. உதவித்தொகை கேட்டு வரும் விண்ணப்பங்களைச் சட்டத்தோடு ஒப்பிட்டு, தரலாம் அல்லது தர முடியாது என்று எழுதும் அரசாங்க வேலை எனக்கு. பெரும்பாலும் தர முடியாது என்றுதான் எழுதினேன். அதை மரியாதையாக எழுதுவதற்காகத்தான் சம்பளம் தந்தார்கள். பத்தொன்பது வயதில் ஒஸ்லோவில் சட்டம் படிக்க ஆசைப்பட்டு, கொஞ்சப் புள்ளியில் இடம் தவறிப்போய், வேறொரு பட்டம் படித்தேன். கனடாவில் இருக்கும் அக்கா, "இஞ்சை வா, வந்து படி, என்ரை வீட்டில ஒரு அறை சும்மா கிடக்குது" என்று பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். கணவரும் கலியாணப் பேச்சின்போதே, தன் கம்பெனிக்கு டொராண்டோவிலும் கிளை இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் மாற்றல் வாங்கலாம் என்று சொல்லியிருந்தார். அங்கே சட்டக் கல்லூரிக்குப் போவதென்றால் அமெரிக்காக்காரர்கள் நடத்தும் ஒரு தேர்வு எழுத வேண்டும். அதில் ஒரு பகுதிக்குத் தர்க்க விளையாட்டு என்று பெயர். அதை விளையாடிய யாராவது சிரித்ததாக நான் இன்றுவரை கேள்விப்படவில்லை.

அந்த ஞாயிறு ஒஸ்லோவின் புறநகரான ஹவுகன்ஸ்டுவாவிலிருந்து அப்பாவும் அம்மாவும் பக்கத்துப் புறநகர் ரொம்சோஸில் இருந்த எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தார்கள். சாப்பிட்டு முடிந்ததும் நான் மேசையின் ஒரு மூலையைத் துடைத்துவிட்டுப் பயிற்சிப் புத்தகத்தை விரித்தேன். அன்றைய கணக்கு இது: ஒரு பல் வைத்தியர். ஆறு நோயாளிகள். ஒருவர் பின் ஒருவராக உள்ளே போக வேண்டும். அவர்களுக்குப் பெயர் இல்லை, ஆங்கில எழுத்துகள்தான்: எஃப், ஜி, எச், ஜே, கே, எல். எச் போன உடனேயே அடுத்ததாக ஜே போக வேண்டும். கே, எஃப்புக்கு முன்னால் போக வேண்டும். ஜி முதல் ஆளாகவோ கடைசி ஆளாகவோதான் போவார். கடைசியாக ஒரு விதி: கே முதலாவதாகப் போனாலொழிய எல் இரண்டாவதாகப் போக முடியாது. கேள்வி: கே முதலாவதாகப் போனால், கீழே உள்ளவற்றில் எது நடக்கலாம்? ஐந்து விடைகள் தந்திருந்தார்கள். எல் ஐந்தாவதாகப் போகலாம் என்பது மூன்றாவது விடை. அதுதான் சரி. நான் குறித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போக இருந்தேன்.

கணவர் தேத்தண்ணீர்க் கோப்பையோடு பின்னால் வந்து நின்றார்.

"என்னது இது, ஸ்கூல் பசங்க கணக்கு மாதிரி இருக்கு. குடு பாப்போம்."

புத்தகம் என் கையை விட்டுப் போனது. அது திரும்பி வரப் பொழுது சாய்ந்துவிட்டது.

அவர் நின்றபடியே வாசித்தார். பிறகு உட்கார்ந்து வாசித்தார். பிறகு பென்சில் கேட்டார். "சிம்பிள். கே முதல்ல போயாச்சு. அப்ப எல் ரெண்டாவது. முடிஞ்சது. மூணாவது விடை அவுட்." மற்ற நான்கையும் பார்த்தார். ஒன்று கூடப் பொருந்தவில்லை. பொருந்தாது; அவை நான்கும் பிழையான விடைகள். கொஞ்ச நேரம் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "இந்தக் கேள்வியே தப்பு."

"கேள்வி பிழையில்லை," என்றேன். "எல் ரெண்டாவதாப் போகவேணும் எண்டு அது சொல்லேல்லை. போகலாம் எண்டுதான் சொல்லுது. கே முதல்ல போகாட்டில் எல் ரெண்டாவதாப் போக ஏலாது, அவ்வளவுதான்."

"நீ கொஞ்சம் சும்மா இரு. குழப்பாத."

இந்த 'ஒழிய' என்கிற சொல்லோடுதான் நான் அலுவலகத்தில் தினமும் மாரடிக்கிறேன். நோர்வேச் சட்டத்தில் பாதி வரிகளில் அதற்கு ஈடான 'மெட் மின்ற' வந்துவிடும். இன்ன காரணம் இருந்தாலொழிய உதவி கிடைக்காது என்றால், காரணம் இருப்பவர் எல்லோருக்கும் கிடைக்கும் என்று அர்த்தமில்லை. அதை நம்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்து அழுதவர்களுக்கு நான் தண்ணீர் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். இதைச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் சோபாவில் கண்ணயர்ந்திருந்த அப்பா எழுந்து வந்துவிட்டார்.

"என்ன தம்பி பிரச்சினை? பியூர் மெத்ஸோ?"

அப்பா இலங்கையில் உயர்தரப் பரீட்சைக்குத் தூய கணிதம் செய்தவர். எழுபதுகளில் தரப்படுத்தல் வந்த காலத்தில், பொறியியல் பீடத்துக்கு வேண்டிய புள்ளியை அவர் எடுத்தும், அவருடைய மாவட்டத்துக்கு அந்தப் புள்ளி போதாது என்று சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவர் எத்தனையோ இழந்தார், நாட்டையும் சேர்த்து. ஆனால் கோபம் வந்தால் அவர் பேசுவது அந்தப் பரீட்சையைப் பற்றித்தான். கணவருக்கும் அப்படி ஒன்று இருந்தது. நாட்டிலேயே பெரியவை என்று சொல்லப்படும் பொறியியல் கல்லூரிகளின் நுழைவுத் தேர்வுக்காக இரண்டு வருடம் விடுதியில் அடைந்து கிடந்து படித்து, கிடைக்காமல் போனவர். அதைப் பற்றி அவர் பேசவே மாட்டார். அன்று எனக்கு இது உறைக்கவில்லை. இரண்டு ஆம்பிளைகள் ஒரு புத்தகத்துக்கு மேல் குனிந்து நிற்கிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஆங்கிலத்தில் இருந்ததை வரி வரியாகத் தமிழாக்கினார். கடைசி விதி வந்தது.

"கே முதலாவதாய்ப் போனாலொழிய..."

"ஒழியவா?" கணவருக்குச் சிரிப்பு வந்தது. "எங்க ஊர்ல ஒழியன்னா, எங்கியாவது ஒழிஞ்சு போன்னு திட்டறதுக்குத்தான் மாமா சொல்லுவாங்க."

அப்பா கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "இது இலக்கணத் தமிழ் தம்பி. நாங்கள் பள்ளிக்கூடத்தில படிச்சனாங்கள்."

"சரி மாமா, அதெல்லாம் இருக்கட்டும். லாஜிக்கலா பாத்தீங்கன்னா, கே ஃபர்ஸ்ட்னா எல் செகண்ட்."

"இல்லை. கே முதலாவது எண்டால் எஃப்தான் ரெண்டாவது. கே, எஃப்புக்கு முன்னால போகவேணும் எண்டு கிடக்குது."

"முன்னாலன்னா ஒட்டி முன்னாலன்னு எங்க போட்டிருக்கு?"

"முன்னால எண்டால் முன்னாலதான். கோயில் வரிசையில எனக்கு முன்னால நிக்கிறான் எண்டால், அஞ்சு பேருக்கு அங்கால நிக்கிறவனையோ சொல்லுறது?"

அப்பா தன் கணக்கை எழுதினார்: கே, எஃப், எச், ஜே, எல், ஜி. எல் ஐந்தாவது. மூன்றாவது விடை சரி. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்த விடையோடு ஒப்பிட்டார். அதுவும் மூன்றாவது. அப்பாவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை எனக்குப் பட்டம் கிடைத்த நாளில் கூட நான் பார்க்கவில்லை.

"நான் சொன்னனான்!"

"விடை சரி, அப்பா," என்றேன். "ஆனா காரணம் பிழை. எஃப் ரெண்டாவதாப் போக வேணும் எண்டில்லை."

அந்த ஒரு வசனத்தால் வீட்டில் இருந்த இரண்டு ஆண்களையும் ஒரே நேரத்தில் பகைத்துக்கொண்டேன். "விடை சரியெண்டால் பிறகென்ன காரணம்?" என்று அப்பா கேட்டார். "ஆன்சர் கீயே தப்பா பிரின்ட் ஆயிருக்கும், இதெல்லாம் சகஜம்," என்றார் கணவர். இருவரும் மறுபடியும் புத்தகத்தின் மீது கவிழ்ந்தார்கள்.

கணவர் கணக்கைப் படம் பிடித்துத் தன் கல்லூரி நண்பர்களின் வாட்ஸப் குழுவில் போட்டார். உலகத்தின் பல மூலைகளிலும் பெரிய சம்பளத்தில் இருக்கும் பொறியாளர்கள் அவர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் காலை வணக்கமும் பெண்டாட்டி ஜோக்கும் அனுப்பிக்கொண்டிருந்த குழு விழித்துக்கொண்டது. அவர்களில் ஒருவர், இதற்காகவே ஒரு சிறிய நிரலை எழுதி ஓடவிட்டு, கே முதலாவது என்றால் ஆறு விதமாக அவர்களை அனுப்பலாம், அதில் இரண்டில் எல் ஐந்தாவதாக வருகிறார் என்று காட்டினார். கணவர் அதைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"இவன் கண்டிஷனத் தப்பா எழுதியிருக்கான். காலேஜ்லயே இவன் இப்படித்தான்."

அப்பாவும் அந்த ஆறு விதத்தைப் பார்த்தார். தன்னுடையது அதில் ஒன்றாக இருந்ததைக் கண்டுகொண்டார். மற்ற ஐந்தும் அவருடைய கண்ணில் படவில்லை.

பிறகு பேச்சு பல் வைத்தியரை விட்டு வெளியே போனது. இலங்கையின் உயர்தரப் பரீட்சைக்கு ஈடாக உலகத்தில் ஒன்றும் இல்லை என்றார் அப்பா. இந்தியாவில் ஒரு இடத்துக்கு எத்தனை ஆயிரம் பேர் போட்டி போடுகிறார்கள் என்று தெரியுமா என்றார் கணவர். அங்கே மனப்பாடம் செய்து எழுதுவார்கள் என்று கேள்விப்பட்டதாக அப்பா சொன்னார். சின்ன நாட்டில் முதலாவதாக வருவது பெரிய விஷயமா என்று கணவர், மிகவும் மரியாதையாக, 'மாமா' போட்டுக் கேட்டார். அப்பா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "என்ரை மார்க்ஸுக்கு எனக்கு இடம் தந்திருந்தால் நான் இஞ்சை வந்து மீன் வெட்டியிருக்க மாட்டன், தம்பி," என்றார். நான் புத்தகத்தை மெல்ல என் பக்கம் இழுத்தேன். அதன் மற்ற நுனியைக் கணவர் பிடித்திருந்தார்.

அம்மா அதுவரை குசினியில் மிச்சக் கறியைப் பெட்டிகளில் போட்டுக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்தபடி வெளியே வந்தாள்.

"பல்லு வைத்தியரைப் பற்றி இவ்வளவு நேரம் கதைக்கிறியள். ரெண்டு பேரும் கடைசியாப் பல்லுக் காட்டப் போனது எப்ப?"

ஒஸ்லோவில் பல் வைத்தியர் வாங்கும் காசுக்குப் பயந்து அப்பா ஒரு பக்கத்தால்தான் சப்புவார். கணவர் எல்லாப் பல்லையும் ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்திருந்தார். அம்மா கோட்டைப் போட்டுக்கொண்டு, "வெளிக்கிடுங்கோ, ட்ரெயின் போகப்போகுது," என்றாள்.

அதற்குப் பிறகு அப்பாவும் அம்மாவும் எங்கள் வீட்டுக்கு வந்தபோதெல்லாம் அந்தக் கணக்கும் கூடவே வந்தது. கோயிலில் தெரிந்தவர்களிடம் அப்பா தன் விடை சரியாக வந்த கதையைச் சொன்னார். பக்கத்திலேயே நின்று கணவர், கேள்வி ஏன் பிழை என்பதைச் சொன்னார். யாருக்கு இந்தப் பரீட்சை என்று ஒருவர் கேட்டபோதுதான் இரண்டு பேருக்கும் என் ஞாபகம் வந்தது. "வைஃப் எழுதறாங்க, நான்தான் கோச் பண்றேன்," என்றார் கணவர். நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

தேர்வை வீட்டிலிருந்தே கணினியில் எழுதலாம். எங்கோ தூர தேசத்தில் ஒரு பெண் இருந்துகொண்டு கமெரா வழியாக என்னையும் என் அறையையும் பார்த்துக்கொண்டிருப்பாள். அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது, குரல் கூடக் கேட்கக் கூடாது. அதனால் தேர்வு நாளில் கணவரை, அன்று வாழ்த்துச் சொல்வதற்கென்றே வந்திருந்த அப்பாவோடு சேர்த்து வெளியே அனுப்பினேன். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. இருவரும் நடந்துவிட்டு வருகிறோம் என்று போனார்கள்.

தர்க்க விளையாட்டுப் பகுதி நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. அப்போது வெளிக்கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அப்பா தொப்பியை மறந்துவிட்டுப் போயிருந்தார். தொப்பியை எடுத்துக்கொண்டு சும்மா போயிருக்கலாம். அறைக்கதவுக்கு வெளியே நின்று உரத்த குரலில் சொன்னார்:

"பிள்ளை! ஒழிய எண்டு வந்தால் கவனம்!"

திரை நின்றது. கமெராப் பெண்ணின் குரல் கேட்டது. உங்களோடு யார் பேசுகிறார்கள் என்றாள். என் அப்பா என்றேன். என்ன சொன்னார் என்றாள். கவனமாக எழுதச் சொன்னார் என்றேன். அவர் உங்களுக்கு விடை சொல்லித் தருகிறாரா என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. கணினியைத் தூக்கி அறையைச் சுற்றிக் காட்டச் சொன்னாள். கட்டிலுக்கு அடியில், அலமாரிக்குள், யன்னல் திரைக்குப் பின்னால். யன்னலுக்கு வெளியே, கீழே பனியில், கணவர் கைகளை வீசி வீசித் தனக்குத் தானே ஏதோ விளக்கிக்கொண்டிருந்தது தெரிந்தது. அதையும் அவள் பார்த்திருப்பாள்.

அந்தக் குரலுக்காக என் முடிவை நிறுத்திவைத்து விசாரித்தார்கள். விசாரணை முடியும்வரை அப்பா எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. கடைசியில் பிழையில்லை என்று புள்ளியை அனுப்பினார்கள். நான் எதிர்பார்த்ததைவிட நல்ல புள்ளி. அம்மா போனில் கேட்டுவிட்டு, "அப்பா அழுகிறார், பிறகு எடு," என்று வைத்துவிட்டாள்.

கொஞ்ச நாளில் வேறொரு செய்தி வந்தது. அந்தத் தேர்விலிருந்து தர்க்க விளையாட்டுப் பகுதியையே எடுத்துவிட்டார்கள். படம் கீறித் தீர்க்க வேண்டிய கணக்கு கண் தெரியாதவர்களுக்கு அநியாயம் என்று யாரோ வழக்குப் போட்டதிலிருந்து வந்த முடிவு அது. நான் காரணத்தை விளக்கிச் சொல்லி முடிக்கும் முன்பே கணவர் அப்பாவுக்குப் போன் செய்துவிட்டார்.

"மாமா, கேட்டீங்களா? தூக்கிட்டாங்க! நான் அப்பவே சொன்னேன்ல!"

"எடுக்கத்தான் வேணும் தம்பி. அப்பிடிப் பிழையாக் கேள்வி போட்டால்!"

அப்பா கூட இப்போது கேள்வி பிழை என்ற கட்சிக்கு வந்துவிட்டார். தன் விடை சரியாக வந்ததை அவர் மறக்கவில்லை. பிழையான கேள்விக்கே சரியான விடை கண்டவர் என்று அதை இன்னும் ஒரு படி உயர்த்திக்கொண்டார். அந்த வாரம் இருவரும் ஒன்றாக உட்கார்ந்து கிரிக்கெட் பார்த்தார்கள்.

கனடாவில் ஒரு சட்டக் கல்லூரி என்னை எடுத்துக்கொண்டது. கடிதம் வந்த அன்று கணவர் எல்லோருக்கும் லட்டு வாங்கி அனுப்பினார். மாற்றல் விஷயம் என்னவாயிற்று என்று கேட்டேன். பேசிக்கொண்டிருக்கிறேன் என்றார். அடுத்த மாதமும் பேசிக்கொண்டிருந்தார். கோடை தொடங்கும்போது அவருடைய அலுவலகத்தில் ஒரு விருந்து, குடும்பத்தோடு போனோம். அவருடைய மேலாளர், நல்ல மனிதர், எனக்குப் பக்கத்தில் இறால் உரித்துக்கொண்டிருந்தார். டொராண்டோக் கிளை எப்படி என்று நோர்வேஜிய மொழியில் கேட்டேன். அப்படி ஒரு கிளை இருந்தால் தானே முதலில் போயிருப்பேன் என்று சிரித்தார். மேசைக்கு அந்தப் பக்கத்தில் கணவர் உருளைக்கிழங்கை மிகவும் கவனமாக வெட்டிக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது நிலக்கீழ் ரயிலில் நான் ஒன்றும் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்.

"அப்ப ஒரு பேச்சு இருந்துச்சு. தொடங்கப் போறாங்கன்னு. அதனாலதான் சொன்னேன்."

"எங்கடை கலியாணப் பேச்சு நடக்கேக்கையோ?"

"ஆமா. மாமாவுக்கு அது பிடிச்சிருந்துச்சு." பிறகு என் பக்கம் திரும்பினார்: "நீ இந்தப் பரீட்சையெல்லாம் பாஸ் பண்ணுவேன்னு யாரு நெனச்சா?"

இதை அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. உண்மையில் வியந்துதான் சொன்னார். அதனால்தான் எனக்கு அவ்வளவு எரிச்சல் வந்தது.

"நான் போறன்," என்றேன். "லீவுக்கு வருவன். நீங்களும் வரலாம்."

"நீ போயிட்டா இங்க எனக்கு யாரு..."

வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. சமைக்க என்று வருமா, துணை என்று வருமா என்று அவருக்கே தெரியவில்லை என்று நினைக்கிறேன். வழக்கமாக அவருடைய பாதி வாக்கியங்களை நான் முடித்துக் கொடுப்பேன். அன்று முடித்துக் கொடுக்கவில்லை. ரொம்சோஸ் வந்தது. பாறையைக் குடைந்த அந்த நிலையத்தின் நீளமான நகரும் படிக்கட்டில் அவர் ஒரு படி கீழே நின்றுகொண்டு வந்தார். மேலே வந்ததும், கனடாவுக்கு டிக்கெட் இப்போதே போட்டால் மலிவாக இருக்கும், எந்தத் தேதி என்று கேட்டார்.